ஆறாவது திருத்தமும் அம்மாவின் இரண்டு பானைகளும்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் மூன்று அரசியலமைப்புகள் இருந்தன. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பீங்கான் கோப்பைகள் இருக்கும். வெள்ளைக்காரன் போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது ஒன்று, எழுபத்திரண்டில் குடியரசாகும்போது எழுதியது ஒன்று, எழுபத்தெட்டில் வந்தது ஒன்று. அப்பா கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பென்சன் எடுத்தவர். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்வதுதான் அவருடைய வேலை. முப்பது வருடமும் ஒருவன் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. எனக்கு அந்தப் பெருமையைக் கண்டால் எரிச்சல் வரும். பொய்ச்சாட்சியின் பொய்யையும் அச்சுப் பிசகாமல் மொழிபெயர்த்திருக்கிறாரே என்று நினைப்பேன்.

மாலையில் அவர் அந்தப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பார். வெள்ளைக்காரனுடைய புத்தகத்தில் இருபத்தொன்பதாம் பிரிவு பென்சிலால் கோடு போட்டிருக்கும். ஒரு சமூகத்துக்கு இல்லாத பாரத்தை இன்னொரு சமூகத்தின் தலையில் மட்டும் ஏற்றுகிற சட்டம் செல்லாது என்பது அதன் சாரம். எழுபத்திரண்டில் அதை எடுத்துவிட்டார்களே என்று அப்பா வருடக்கணக்காகப் பெருமூச்சு விட்டார். "அது இருக்கேக்கைதானே மலையகத் தோட்டத்துச் சனத்தின்ரை வோட்டைப் பறிச்சவங்கள். அப்ப உந்த இருபத்தொன்பது நித்திரையோ?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் அரசாங்க மருத்துவமாது. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் ஊரும் பக்கத்து ஊர்களும் எனக்குத் தந்த பகுதி. சைக்கிளில் போவேன், வருவேன். சனம் மிஸி என்று கூப்பிடும். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத பிறவி நான். பிள்ளைப்பேறு இல்லாத நாளில்கூட ஏதாவது ஒரு கர்ப்பிணியின் காலில் வீக்கம் வற்றிவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவேன். அப்பாவின் பென்சனும் என் சம்பளமும் அம்மாவின் சீதன வயலும்தான் எங்கள் வீடு. எனக்குப் பிறகு ஒரே ஒரு தம்பி.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் எங்கள் சனத்தை வெட்டி, எரித்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். தம்பி காங்கேசன்துறைக்குப் போய், வந்து இறங்கிய சனத்துக்குத் தண்ணீர் கொடுத்தான், மூட்டை தூக்கினான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாருடனும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ரியூசனுக்குப் போகிறேன் என்று போனான். பின்னேரம் சைக்கிளை மட்டும் அவனுடைய கூட்டாளி ஒருவன் உருட்டிக்கொண்டு வந்து வேலியில் சாத்தினான். அந்தக் காலத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இயக்கத்துப் பெடியளோடு போய்விட்டான் என்று ஊர் சொன்னது. அம்மா சைக்கிளைத் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அந்தச் சூடு ஆறவில்லை, ஆவணியில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. அரசாங்கச் சம்பளம் எடுக்கிற எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வேலை இல்லை. இந்த நாட்டுக்குள் தனியாக ஒரு நாடு அமைவதற்கு நேராகவோ மறைமுகமாகவோ, உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ, ஆதரவு கொடுக்க மாட்டேன், பணம் கொடுக்க மாட்டேன், ஊக்கம் கொடுக்க மாட்டேன் என்று நீளமாகப் போகும் அந்தச் சத்தியம். அடித்தவனிடம் ஒரு சத்தியமும் கேட்கவில்லை. அடி வாங்கினவனைக் கூப்பிட்டு, இனி ஒழுங்காக இருப்பேன் என்று சொல்லு என்கிறார்கள்.

அப்பா எங்கள் ஊரின் சமாதான நீதவான். ஜே.பி. ஐயா என்பார்கள். அவருக்கு முன்னால் சத்தியம் செய்தாலும் செல்லும் என்று வந்ததும், பட்டினத்துக்குப் போய் வரிசையில் நிற்க விருப்பமில்லாத உத்தியோகத்தர்கள் எல்லாம் எங்கள் விறாந்தைக்கு வரத் தொடங்கினார்கள். தபாற்கந்தோர்க்காரர், வாத்திமார், நீர்ப்பாசனத்தில் வேலை செய்கிறவர்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்து, பிறகு ஒரு தேத்தண்ணி, பிறகு வீடு.

அப்பா விடவில்லை. "எனக்கு முன்னாலை சத்தியம் செய்தவர் எண்டு நான் கீழை எழுதி ஒப்பம் வைக்கோணும். நீர் செய்யாமல் நான் எப்பிடி அதை எழுதுறது?" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் முகம் கழுவ வைத்தார். கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகத் தான் முன்னே சொல்ல, அவர்களைப் பின்னே சொல்ல வைத்தார். கோட்டில் பழகின பழக்கம். ஒரு வாத்தியார், "ஐயா, உது அவங்கள் எங்களை வெருட்டிறதுக்கு அடிச்ச கடதாசி. இதுக்குப் போய் இவ்வளவு மரியாதையோ?" என்று கேட்டார். "கடதாசிக்கு மரியாதை இல்லை, தம்பி. சத்தியத்துக்கு," என்றார் அப்பா. வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

என் முறை கடைசி நாள் வந்தது. நான் அதுவரை இழுத்தடித்தேன். கையெழுத்து வைக்காமல் விட்டால் என்ன என்று ஒரு கிழமை சைக்கிளில் போகும்போதெல்லாம் என்னோடு நானே சண்டை பிடித்தேன். அந்த மாதம் என் பகுதியில் பிரசவத்துக்குக் காத்திருந்தவர்கள் பலர். அதில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. அவளை விட்டுவிட்டு எங்கே போவது? கடைசியில் நானும் கால் கழுவினேன், கிழக்கே பார்த்து நின்றேன். பெற்ற தகப்பன் சொல்லிக் கொடுக்க, தம்பி போன திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆதரவு கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். நாக்கு வேப்பெண்ணெய் குடித்ததுபோலக் கசந்தது.

அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒப்பம் வைத்து முடித்ததும் வந்தார்.

"இஞ்சேருங்கோ, உவன் வந்தால் சோறு போடுறதும் உதுக்கை வருமோ?"

அப்பா அந்தத் தாளைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். வேறு யாராவது என்றால் சும்மா இரு என்று சொல்லி முடித்திருப்பார்கள். எங்கள் அப்பா வாசித்தார்.

"மறைமுகமாய் எண்டு போட்டிருக்கு. அப்பிடிப் பாத்தால் வரும்."

அம்மா அரிசி களையப் போய்விட்டார்.

அம்மாவை விளங்கிக்கொள்வதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குச் சத்தியம் என்றால் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலில் கற்பூரத்தைக் கொளுத்தி அணைக்கிற சத்தியம்தான். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் எல்லை வேலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டுவிட்டு, அது தன் காணிதான் என்று சந்நிதியில் சத்தியம் செய்தார். அடுத்த வருடம் அவருடைய தம்பி பனையால் விழுந்து செத்தார். சத்தியம் பிழைத்தால் செய்தவனை விட்டுவிட்டு உடன்பிறந்ததைத்தான் பிடிக்கும் என்பது அதிலிருந்து அம்மாவின் முடிவு. நான் செய்த சத்தியம் பிழைத்தால் யாரைப் பிடிக்கும்? எனக்கு உடன்பிறந்தது ஒருவன்தான். அவனும் துவக்கோடு திரிகிறான். கால் கழுவி, கிழக்கே பார்த்து, தகப்பன் சொல்லிக் கொடுத்துச் செய்த சத்தியத்தைக் கடதாசிச் சத்தியம் என்று அம்மாவை யாராலும் நம்ப வைக்க முடியவில்லை. அப்பா அவ்வளவு வடிவாகச் செய்துவைத்திருந்தார்.

தம்பி முதல்முதல் வீட்டுக்கு வந்தது மார்கழியில், ஒரு மத்தியானம். மெலிந்து, கறுத்து, மீசை வைத்து வந்தான். நான் ஓடிப்போய்ச் சோற்றுப் பானையைத் திறக்க, அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ விடு. அது உன்ரை சம்பளத்து அரிசி."

பிறகு அப்பாவிடம் திரும்பி, "வயல் என்ரை சீதனம்தானே. அதிலை விளைஞ்ச நெல்லு ஆற்றை?" என்று கேட்டார்.

நான் தலையில் கை வைத்தேன். மகன் வாசலில் பசியோடு நிற்கிறான், இங்கே வழக்கு நடக்கிறது. அப்பா தேசவழமையைச் சொன்னார். அது எங்கள் யாழ்ப்பாணத்துப் பழைய சட்டம். ஒல்லாந்தன் எழுதி வைத்தது, வெள்ளைக்காரன் ஏற்றுக்கொண்டது, எழுபத்தெட்டாம் ஆண்டு அரசியலமைப்பும் பழைய சட்டங்கள் இருந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. "காணி உம்முடையது. கலியாணத்துக்குப் பிறகு அதிலை வாற வருமானம் ரெண்டு பேருக்கும் பொது. அரைவாசி என்ரை. நானும் ஜே.பி. எண்டபடியால் சத்தியம் எடுத்தனான்," என்றார்.

"அப்ப மற்ற அரைவாசி என்ரை. நான் ஒரு சத்தியமும் எடுக்கேல்லை," என்றார் அம்மா.

அன்றைக்கே நெல் மூட்டைகள் பிரிந்தன. அம்மா தன் பங்கில் எடுத்துக் குத்தி, தனி அடுப்பு மூட்டி, தனிப் பானையில் ஆக்கினார். தம்பிக்குச் சாப்பாடு கிடைக்க மூன்று மணி ஆகிவிட்டது. அவனோ விழுந்து விழுந்து சிரித்தான். "தனிநாடு கேட்டுப் போனன், அம்மா தனிப் பானை தந்திட்டா," என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விசரும் வந்தது. "உப்புக்கு என்ன செய்யப் போறியள்? உப்பு என்ரை காசு," என்று அம்மாவைக் கிண்டினேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த முறை அவர் பக்கத்து வீட்டுக்குக் கோழிமுட்டை கொடுத்து உப்பு மாற்றி வைத்திருந்தார். மிளகாய்த் தூளும் அப்படித்தான். கோழி அம்மாவுடையது.

இரண்டு வருடத்துக்கு மேல் இது நடந்தது. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். தம்பி வருவான், எப்போது என்று தெரியாது. அம்மா தன் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். நான் பகல் முழுதும் சுற்றிவிட்டு வந்து, அந்தப் பானை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஈரம் இருந்தால் வந்து போயிருக்கிறான். இல்லாவிட்டால் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று தொடங்கிவிடும். இருக்க முடியாது, நிற்க முடியாது. திரும்பச் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாராவது ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குப் போவேன். "மிஸி, நேற்றுத்தானே வந்தனீங்கள்," என்பார்கள்.

எண்பத்தைந்து மாரியில் எங்கள் வயல் விதைக்கப்படவில்லை. வயலில் ஆள் நடமாட்டம் கண்டால் ஹெலியில் வந்து சுடத் தொடங்கியிருந்தார்கள். உழ வந்த ஆள் கலப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவின் பங்கு நெல் குறைந்துகொண்டே வந்தது. தான் ஒரு நேரம் சாப்பிடாமல் விட்டுத் தம்பிக்கென்று ஒதுக்கினார். "அவன்ரை பங்கிலை நான் கை வைக்கேல்லை," என்பார். அடுத்த ஆடியில் அதுவும் முடிந்தது. வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் நான் வாங்கின அரிசி அரை மூட்டை இருந்தது.

ஆவணியில் ஒருநாள் நான் ஒரு தலைப்பிள்ளைக்காரியோடு விடியற்காலம் தொடங்கி மல்லுக்கட்டிவிட்டு, நல்லபடியாகப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா கிணற்றடிக் கல்லில் இருந்தார். முகத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது.

"வந்தவனோ?"

"ஓம். இப்பதான் போறான்."

"என்ன குடுத்தனீங்கள்?"

"இளநி ரெண்டு வெட்டிக் குடுத்தனான். நான் வைச்ச மரத்திலை."

"சோறு?"

அம்மா கிணற்றுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"அம்மா, சோறு போட்டனீங்களோ இல்லையோ?"

"என்னட்டை ஏதடி நெல்லு?"

நான் அன்றைக்குக் கத்தின கத்து அடுத்த ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும். என்ன சொன்னேன் என்று நினைவில்லை; சட்டத்தையும் திட்டினேன், அம்மாவையும் திட்டினேன், விறாந்தையில் இருந்த அப்பாவையும் விடவில்லை. மத்தியானச் சோறு பானையில் இருந்தது. வாழையிலையில் அள்ளிப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றிக் கட்டி, சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு மிதித்தேன். அம்மா பின்னால், "பிள்ளை, வேண்டாம், உது அவனைப் பிடிக்குமடி," என்று அழுதுகொண்டு ஒழுங்கை முடக்கு வரைக்கும் வந்தார்.

பிள்ளையார் கோயிலுக்கு அப்பால் மதகுக்கட்டில் தம்பி இருந்தான். கூட இன்னொரு பெடியன், உயரமானவன். இரண்டு பேரும் டிராக்டர் ஒன்றுக்குக் காத்திருந்தார்கள். நான் பொதியை நீட்டினேன்.

"சாப்பிடு."

தம்பி அதை வாங்கவில்லை. வாசம் பிடித்தான். கத்தரிக்காய்க் குழம்பு என்றால் அவனுக்கு உயிர்.

"வேண்டாம் அக்கா. அம்மா பயந்துகொண்டிருப்பா."

"நீ என்னத்துக்காக வீட்டை விட்டுப் போனனி? உந்தச் சட்டத்தை உடைக்கத்தானே? பேந்தென்ன இப்ப சட்டம் பாக்கிறாய்?"

"சட்டத்துக்கில்லை. அவ ரெண்டு வருசமாய் எனக்காக உன்ரை சத்தியத்தை நேர்த்தி மாதிரிக் காத்துக்கொண்டு வாறா. நான் இதைத் திண்டிட்டுப் போனால், நான் திரும்பி வாற வரைக்கும் அவவுக்கு நித்திரை வராது."

"நான் சத்தியமே பண்ணேல்லையடா. வாயை மட்டும்தான் அசைச்சனான்," என்றேன். சுத்தப் பொய்.

"அப்பா விட்டிருப்பாரே?" என்று சிரித்தான். எனக்கும் அந்தக் கோபத்துக்குள்ளே சிரிப்பு வந்து தொலைத்தது. உயரமான பெடியன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். டிராக்டர் வந்தது. "அடுத்த போகம் விளையும்தானே, அப்ப வந்து ஒரு பிடி பிடிக்கிறன். போட்டு வாறன் அக்கா," என்று டிராக்டரின் பின்பெட்டியில் ஏறினான். நான் கை காட்டவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

வருகிற வழியில் பனங்காணி ஒன்றின் ஓரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, பொதியை அவிழ்த்து, அந்தச் சோற்றை நானே தின்றேன். விடியத்தொடக்கம் நானும் ஒன்றும் சாப்பிடவில்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றேன். அதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு நிம்மதி கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டு வாசலில் அவர் நின்ற நிலையைக் கண்டதும், "அவன் வாங்கேல்லை, பயப்பிடாதையுங்கோ," என்று சொல்லிவிட்டேன். அம்மா சுவாமியறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

அந்த மாதம் முடியவில்லை. மதகடியில் கண்ட உயரமான பெடியன் ஒருநாள் காலையில் தனியாக எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தான். அப்பா விறாந்தையில் இருந்தார். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பெடியன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான், இருக்கச் சொன்னபோது இருக்கவில்லை. தொண்டைமானாற்றிலிருந்து வள்ளத்தில் போனார்கள், நடுக்கடலில் நேவி சுட்டது, தம்பி இல்லை, உடலும் எடுக்க முடியவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொல்லி முடித்தான்.

அம்மா குழறி அழுவார் என்று நினைத்தேன். குழறவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். பிறகு அந்தப் பெடியனை நிமிர்ந்து பார்த்தார்.

"வள்ளத்திலை ஏறேக்கை சாப்பிட்டவனோ, தம்பி?"

"ஓம் அம்மா. கரையிலை ஒரு வீட்டிலை. அந்த வீட்டு அம்மா சோறும் மீன்குழம்பும் போட்டவ. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்."

"முந்தி அறிமுகமோ?"

"இல்லை அம்மா. அண்டைக்குத்தான் அந்த வீட்டை போனனாங்கள். பசியோ எண்டு கேட்டா. ஓமெண்டம். போட்டவ."

பெடியன் போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நின்றான். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். கையைத் தொட்டேன், தன் கையை எடுத்துக்கொண்டார்.

"ஆரெண்டே தெரியாதவள் போட்டிருக்கிறாள்," என்றார். "பெத்த நான் போடேல்லை."

பிறகு அப்பாவைப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. ஒரு சின்னச் சாமானைக் கேட்கிற குரல்.

"சோறு போடுறது உதுக்கை வருமோ எண்டு அண்டைக்கு நான் கேக்கேக்கை, வராதெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சொல்லியிருக்கலாம்," என்றார்.